தலைவர் காலடியில் இருந்த பொட்டி

திருவொற்றியூரில் மைக் செட் வைத்துப் பிழைக்கிறேன். தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணே, தலைவருங்களுக்கு எந்த மாதிரி சவுண்டு புடிக்கும்?" என்றுதான்.

அவங்க சவுண்டுதான். வேறென்ன?

மேடையில் பேசுகிறவரின் காலடியில், அவர் முகத்தைப் பார்த்தபடி ஒரு ஸ்பீக்கர் பொட்டி வைப்போம். அதன் பெயர் மானிட்டர். பெரிய பொட்டிகளெல்லாம் கூட்டத்தைப் பார்த்து நிற்பதால், மேடையில் நிற்பவருக்கு வெறும் இரைச்சல்தான் கேட்கும். தெளிவாகக் கேட்பது மானிட்டரில் வருவது மட்டுமே. அதில் தலைவர் குரலை மட்டும், கொஞ்சம் எக்கோ போட்டு அனுப்புவது எங்கள் வழக்கம். அவர் குரலில் அவரே மயங்கி அரை மணி நேரம் கூடுதலாகப் பேசுவார். அடுத்த கூட்டத்துக்கும் என்னையே கூப்பிடுவார்.

ஒருமுறை டிவிக்காரர்கள் எங்கள் பகுதித் தலைவரைக் கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்து, இளைஞர்கள் கேள்வி கேட்கும் நிகழ்ச்சி எடுத்தார்கள். செட் என்னுடையது. பழக்க தோஷத்தில் மானிட்டரில் தலைவரை மட்டும் விட்டிருந்தேன்.

எர்ணாவூரிலிருந்து வந்த ஜெனிபர் என்ற காலேஜ் பெண் மைக்கை வாங்கினாள். "சார், எங்க பஸ் ஸ்டாப்ப மறைச்சிகினு கன்டெய்னர் லாரிங்க நிக்குது. நாங்க நிக்கிறதே டிரைவருக்குத் தெரியல, பஸ்ஸு நிக்காம போவுது. டெய்லி லேட்டு. அட்டெண்டன்ஸ் இல்லன்னு பரீட்ச எழுத வுட மாட்டேங்கிறாங்க."

தலைவர் உருக்கமாகத் தலையாட்டினார். "பெண் கல்விக்கு நம்ம கட்சி என்னிக்கும் துணை நிக்கும்!"

கைதட்டல். நிகழ்ச்சி நடத்தும் தம்பியின் காதில் ஒரு குட்டிக் கருவி. அதில் ஸ்டூடியோக்காரர் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார் போல. "அருமையான கனவு ஜெனிபர்! நிறைவேற வாழ்த்துகள்!" என்றான்.

ஜெனிபர் நேராக, சவுண்டைக் கூட்டிக் குறைக்கும் என் மிக்சர் மேசைக்கு வந்தாள். "அங்கிள், நா பேசுனது அவருக்குக் கேட்டுச்சா, இல்லியா?"

தலைக்கு டை அடித்துக்கொண்டு வந்த அன்றைக்குத்தான் இந்த அங்கிள்.

"கேக்காதும்மா. அவரு பொட்டில அவரு மட்டுந்தான் வருவாரு."

"அப்ப எங்க மைக்கு இன்னாத்துக்கு? ஷோவுக்கா?"

"டிவில வரும்ல?"

"டிவியா வந்து லாரிய நவுத்தும்? என்னிய அதுல வுடுங்க அங்கிள். இன்னொரு வாட்டி கேக்குறேன்."

திரும்பிப் போய் மறுபடி மைக்கை வாங்கினாள். எனக்கு வீரமெல்லாம் கிடையாது. யாருக்கும் தெரியாமல் மானிட்டரில் அவள் குரலைத் துளியூண்டு ஏற்றலாம் என்று குமிழைத் தொட்டேன். எங்கள் ஊர் உப்புக்காற்றில் குமிழ்கள் இறுகிக் கிடக்கும். மெதுவாகத் திருப்பினால் அசையாது. அழுத்தினால் ஒரே பாய்ச்சல். பாய்ந்தது.

"சார், லாரி!" என்று ஜெனிபர் தலைவரின் காலடியிலிருந்து கர்ஜித்தாள்.

தலைவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "யோவ் மைக் செட்டு! பொட்டில எவளோ ஒரு பொண்ணு பேசுதுய்யா! ரிப்பேரா கீது, இன்னான்னு பாரு!"

அவர் மைக் ஆனில் இருந்தது. மண்டபமே சிரித்தது. எல்லோருடைய போனும் மேலே எழுந்தது. தலைவர் அதைப் பார்த்தார். குரல் இறங்கியது. "எந்த ஸ்டாப்பும்மா? மறுபடி சொல்லு."

டிவியில் இந்த இடத்தை வெட்டிவிட்டார்கள். போன்களில் வந்ததை யாரால் வெட்ட முடியும்? அந்த வாரமே லாரிகள் ஸ்டாப்பை விட்டு நகர்ந்தன. எதிர்ப்பக்க ஸ்டாப்புக்கு.

தலைவரின் பி.ஏ. இப்போதும் போன் போடுகிறார். "அண்ணன் பொட்டில அண்ணன் மட்டும்."

"சரிங்க" என்கிறேன். வயிறு இருக்கிறதே.

ஆனால் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஒருத்தர் கையில் மைக்கைக் கொடுத்ததோடு வேலை முடிந்துவிடாது. அது எந்தப் பொட்டியில் கேட்கிறது என்றும் எட்டிப் பாருங்கள்.

போன மாதம் மார்க்கெட்டில் ஜெனிபரைப் பார்த்தேன். பரீட்சை எழுதிவிட்டாளாம்.

"காலீல பஸ்ஸு கரெக்டா நிக்குது அங்கிள். சாயங்காலம் வூட்டுக்கு வரத்தான், அந்தப் பக்கம் லாரிங்க அடச்சிகினு நிக்கிறதால ரெண்டு ஸ்டாப் தள்ளி எறங்கி நடந்துகினு கீறேன்."

"அந்தப் பக்கத்துக்குத் தனியா ஒரு மீட்டிங் போடணும் போல கீதே!"

"போடுங்க. கேள்வி ரெடி."