திரையில் நின்ற கரும்புள்ளி

விளாங்குடியில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்து பிழைத்தவர் சுடலை. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று கம்ப்யூட்டரின் வேகத்தை அளவுக்கு மீறிக் கூட்டியிருந்தார். திரையில் பச்சைக் கோடுகள் ஓடின. நடுவில் ஒரு கரும்புள்ளியும் நின்றது. எல்லாம் வேகத்தால்தான் என்று மூன்று மாதம் சமாளித்தவர், கடைசியில் மெக்கானிக் ராம்கியை அழைத்தார்.

“தனியா கிராபிக்ஸ் கார்டு இல்லண்ணே. வேகத்தை ஏத்துனா மதர்போர்டுலயே இருக்க வீடியோ சிப்பு தாங்காது, படம் சிதறத்தான் செய்யும்” என்ற ராம்கி, வேகத்தைக் குறைத்தான். கோடுகள் மறைந்தன.

“வீடியோவுல கல்யாணப் பொண்ணு மூஞ்சியில அந்தக் கருப்பு இன்னும் இருக்கே, தம்பி.”

“எனக்கு ஒண்ணும் தெரியலையேண்ணே.”

சுடலை சுவரைப் பார்த்தார். புள்ளி அங்கேயும் இருந்தது.

சர்க்கரை நோய் விழித்திரையைக் கெடுத்துவிட்டது, போன பார்வை இனித் திரும்பாது என்றார் கண் டாக்டர். அந்தக் கல்யாண வீடியோவை வேறொருவர்தான் முடித்துக் கொடுத்தார்.