கோட்டை வாசலில் என் வீட்டுக்காரர்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டாலும் முதல் ஆளாக ஓடுவார். கதவிடுக்கில் வாயை வைத்து, "பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல" என்று அரை மணி நேரம்கூட ஆறுதல் சொல்வார். பேச்சையெல்லாம் அங்கேயே தீர்த்துவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டில் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு, டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பழைய ஜப்பான் வீடியோ கேம் ஒன்றை ஆடுவார். அவ்வளவுதான்.

அதில் நாலு பேர் குழுவாக ஊர் ஊராக நடக்கிறார்கள். வழியில் பூதங்களோடு சண்டை. ஒருவர் அடித்து முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும், அப்படி ஒரு மரியாதையான சண்டை. கடைசிக் கோட்டைக்குள் இருக்கும் இருட்டு ராஜாவைக் கொன்றால் உலகம் பிழைக்கும். கல்யாணமாகி எட்டு வருஷம், நான் அந்தப் பக்கம் திரும்பியதில்லை. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவள். நாளெல்லாம் அரை மில்லிமீட்டரை உற்றுப் பார்த்துவிட்டு வீட்டிலும் கண்ணை வீணாக்குவானேன்!

போன மாதம் ஒரு ஞாயிறு, காபி கொடுக்கப் போனபோது திரையோரத்தில் அந்த நாலு பேரின் பெயரையும் படித்தேன். வாள்காரனுக்கு இவர் தன் பெயரையே வைத்திருந்தார். கோடரிக்காரன், இவரோடு வேலை செய்கிற குண்டன். மந்திரக்காரன் என் கொழுந்தன். நாலாவது, வெள்ளை அங்கியும் கைத்தடியுமாக எல்லாருக்கும் காயம் ஆற்றுகிற பெண். அவள் பெயர் சிட்டு.

"யாருங்க சிட்டு?"

"கேம்ல வர்ற பொண்ணு."

"கேம்ல வர்ற குண்டன் நம்ம குண்டன்தானே? அப்ப சிட்டு யாரு?"

இவருக்குப் பொய் சொல்ல வராது. முதலில் வேலை பழகிய கட்டடத்தில், வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணாம். இவர் ஆசையைச் சொல்லத் துணிவதற்குள் அவள் வேறு ஒருவரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாளாம்.

"பேரு வச்சது பதிமூணு வருஷம் முன்னாடி. அப்ப நீ யாருன்னே எனக்குத் தெரியாது."

"இப்பத் தெரியும்ல? மாத்துங்க."

"ஆரம்பத்துல ஒரு தடவைதான் கேக்கும். அப்புறம் மாத்த முடியாது."

நியாயம்தான். நியாயமாக இருந்ததால்தான் இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

அதன் பிறகு ஞாயிறுதோறும் துணி மடிக்கிற சாக்கில் இவருக்குப் பின்னால் உட்கார ஆரம்பித்தேன். சிட்டுவுக்கு விஷம் ஏறினால் "அச்சச்சோ" என்கிறார். அடுத்த நொடி மருந்து. பக்கத்தில் குண்டன் சாகக் கிடக்கிறான், அவனைக் கேட்பாரில்லை. நல்ல அங்கி எது கிடைத்தாலும் அவளுக்குத்தான். எனக்குக் காய்ச்சல் வந்தபோது "மாத்திரை அலமாரியில இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போன மனுஷன் இவர். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், விரல் உயரம்கூட இல்லாத ஒரு பொம்மையைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு நாள் கொழுந்தன் வந்திருந்தபோது விஷயத்தைப் போட்டு உடைத்தான்.

"அண்ணி, அண்ணன் இதை எப்பவோ முடிச்சிருக்கலாம். வருஷக்கணக்கா கடைசிக் கோட்டை வாசல்லயே சுத்திக்கிட்டு இருக்காரு. உள்ள போகவே மாட்டேங்கிறாரு."

"ஏன், பயமா?"

"பயமா? அண்ணன் நெனைச்சா ராஜாவை ஊதித் தள்ளிடுவாரு. ஆனா ராஜா செத்தா நாலு பேரும் பிரிஞ்சு அவங்கவங்க ஊருக்குப் போயிடுவாங்க. அதோட கதை முடிஞ்சுது."

ஓஹோ, இதுதான் சங்கதியா! அம்மணியை வழியனுப்ப ஐயாவுக்கு மனசு வரவில்லை.

எனக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. இவர் வேலைக்குக் கிளம்பியதும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்தேன். பார்த்துப் பார்த்தே பட்டன்கள் பழகியிருந்தன. ஆட்டத்தை நானே முடித்து அவளை ஊருக்கு அனுப்பிவிடுவது என்று முடிவு. போகிறவளுக்கு எதற்கு அலங்காரம் என்று அங்கியையும் கைத்தடியையும் பிடுங்கிப் பைக்குள் போட்டேன். அதில் கிடைத்த திருப்தி இருக்கிறதே! வெறுங்கையோடு கோட்டைக்குள் நடக்கவிட்டேன். மூன்றாவது அறையில் முதலில் செத்தது அவள். காயம் ஆற்ற ஆளில்லாமல் அடுத்த நிமிஷமே மற்ற மூவரும் போனார்கள், என் வீட்டுக்காரர் உட்பட.

ஆட்டம் மறுபடி வாசலிலிருந்து தொடங்கியது. பழையபடி அங்கியும் தடியுமாக நின்றாள். இந்தத் தடவை நான் கை வைக்கவில்லை. அவளைத் துரத்த வேண்டுமானால் அவளை உயிரோடு வைத்திருக்க வேண்டும். வேறு வழியில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, அடி விழும்போதெல்லாம் முதல் மருந்தை அவளுக்கே கொடுத்தேன். இவரும் இந்தக் கணக்கில்தான் அவளைத் தாங்கியிருப்பாரோ, ஆசையெல்லாம் எப்போதோ போயிருக்குமோ என்று திடீரென்று தோன்றியது. மனசு கொஞ்சம் லேசானது. பாவம் மனுஷன், வீணாகச் சந்தேகப்பட்டோம் என்றுகூட நினைத்தேன்.

மதியம் தாண்டித்தான் ராஜாவின் அறைக்குப் போய்ச் சேர்ந்தோம். அவன் வீசிய வீச்சில் குண்டன் விழுந்தான், கொழுந்தன் விழுந்தான், இவரும் விழுந்தார். மிச்சம் சிட்டு ஒருத்தி. அந்தத் தடியால் அடித்தால் ராஜாவுக்குக் கொசு கடித்த மாதிரிதான். ஒரு முறை அடிப்பாள், ஒரு முறை தன் காயத்தை ஆற்றிக்கொள்வாள். முக்கால் மணி நேரம் இதே கதை. "அடிடி! விடாதே, அடி!" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தேன். ராஜா பொடிப்பொடியாக உதிர்ந்தபோது எழுந்து நின்று கை தட்டினேன்.

செத்தவர்களெல்லாம் எழுந்து வந்தார்கள். கதை அப்படி. துறைமுகத்தில் நாலு பேரும் பிரிந்தார்கள். சிட்டு கப்பலேறிப் போனாள். "போ தாயே, எங்கயாவது நல்லா இரு" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

முற்றும் என்ற எழுத்து திரையில் அப்படியே நின்றது. நான் அணைக்கவில்லை, இவர் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆறு மணிக்கு வந்தார். கருவிப் பையைத் தோளிலிருந்து இறக்காமல் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். கத்துவார் என்று நினைத்தேன், பதில் தயாராக வைத்திருந்தேன். "நீயா முடிச்சே!" என்று சிரித்தாலும் சிரிப்பார் என்று ஒரு நப்பாசையும் இருந்தது.

"கடைசிச் சண்டையில சிட்டு சாகலையே?" என்றார்.

"சாகலை. உங்க மூணு பேரையும் கொன்னுட்டான். அவ ஒருத்திதான் கடைசி வரைக்கும் நின்னா. நான்தான் பாத்துக்கிட்டேன்."

அப்பாடா என்று ஒரு பெருமூச்சு விட்டார். முகமே மாறிப்போனது. எட்டு வருஷத்தில் எனக்காக ஒரு தடவைகூட அந்த முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை.