செல்வியக்கா அணைக்காத மானிட்டர்

அன்று மாலை கம்ப்யூட்டர் வகுப்புக்குள் நுழைந்ததும், ஜன்னலோர மானிட்டர் அணைந்திருப்பதைத்தான் முதலில் பார்த்தேன். செல்வியக்காவின் இடம் அது. மஞ்சள் காமாலை என்று தென்காசிக்குப் போனவர் அன்று திரும்பியிருக்க வேண்டும். "செல்வி ஊர்லயே தவறிடுச்சாம்மா. ஹாஸ்டலுக்குப் போன் வந்துச்சாம்" என்றார் சார்.

கம்பெனியில் அவரோடும் என்னோடும் பேக்கிங்கில் நின்ற உங்களுக்கும், ஹாஸ்டல் அக்காக்களுக்கும் அவருடைய சிரிப்பு தெரியும். வகுப்பில் அவர் எப்படி இருந்தார் என்பது நம்மில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். "பொட்டி தட்டப் போறவ தண்ணி புடிக்க வந்துகீறாளா?" என்று எங்கள் ஊர் மண்ணூரில் குழாயடியில் கேட்பார்கள். வகுப்பில் மற்றவர்கள் டிப்ளமோ, பி.எஸ்சி. என் புரோகிராமில் எரர் வந்தால், யாரும் பார்ப்பதற்குள் மானிட்டரை அணைத்துவிட்டு, கரண்ட் போனதுபோல் உட்கார்ந்திருப்பேன்.

செல்வியக்காவுக்கு எரர் வந்தால் ஊருக்கே தெரியும். "சார், ஓடி வாங்க! ஒரு வரிதான் எழுதுனேன், பக்கம் பூரா எரரு!" எல்லோரும் சிரிப்பார்கள். அவர் அதைவிடச் சத்தமாகச் சிரிப்பார். என் பக்கம் திரும்பி, "ஏட்டி, நீ அணைச்சா அது உள்ள செத்தா போயிரும்? அப்படியேதான் கெடக்கும்" என்பார்.

அவருக்கு ஒரு சின்ன ஆபீஸில் வேலை கிடைத்தது. கடைகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் எழுதும் இடம். சேர்ந்த கையோடு அதன் முதலாளியை எனக்காக வகுப்புக்கு அழைத்து வந்தார். "சர்டிபிகேட் கேக்காதீங்க சார். இவ எழுதுனதப் பாருங்க."

ஊர்ப் பெயரை அடித்தால் எந்த நம்பர் கம்பெனி பஸ் வரும் என்று சொல்லும் புரோகிராம் அது. வாலாஜாபாத், சிங்கப்பெருமாள் கோவில் என்று எதைக் கேட்டாலும் சொல்லும். மண்ணூர் என்றால் மட்டும் எரர் காட்டி நின்றுவிடும். முதலாளி நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் என் கை மானிட்டரை அணைத்துவிட்டது. "இன்னும் முடிக்கல சார்" என்றேன், தரையைப் பார்த்தபடி.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் அழுதேன். "வெக்கமா கீதுக்கா. ஒம்போதாவதுன்னு தெரிஞ்சா இன்னா நெனைப்பாரு? நீயாவது திட்டேன்."

"ஒன்னத் திட்டி என்னட்டி ஆகப் போகுது? அடுத்த மாசம் வாரேன்னிருக்காரு. அன்னைக்கு மூஞ்சியக் காட்டு. ஒன் மூஞ்சிய இல்ல, மானிட்டர் மூஞ்சிய."

இதையும் சொல்ல வேண்டும். சார் அந்தச் செய்தியைச் சொன்னபோது எனக்கு முதலில் அழுகை வரவில்லை. இனி அந்த முதலாளி வரமாட்டார் என்ற நிம்மதிதான் வந்தது. அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது. பிறகுதான் அழுதேன். அந்த அழுகையையும் யாரும் நம்பக் கூடாது என்று இருந்தது.

நேற்று அந்த முதலாளி வந்துவிட்டார். "செல்வி சொன்ன பொண்ணு நீதானே? அதுக்கு வாக்கு குடுத்திருந்தேன்" என்றார். தலையாட்டினேன். மண்ணூர் இன்னும் சரியாகவில்லை.

"ஏதாவது ஒரு ஊர் போடும்மா."

வாலாஜாபாத் என்று அடித்தாலே போதும். என் கை மானிட்டர் பக்கம் போனது. கையைக் கீபோர்டுக்கு இழுத்து, மண்ணூர் என்று அடித்தேன். புரோகிராம் நின்றது.

"சார், இங்கதான் எரர் வருது, பாருங்க" என்றேன், வகுப்பு முழுக்கக் கேட்கும்படி.