படத்துக்குக் கீழே இருந்த வரி

என் மகள் ஆவடிக்கு அருகே ஓர் இன்டர்நேஷனல் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். அவள் தோழியின் அம்மா சுதாவும் நானும் தினமும் பள்ளி வேன் வரும்வரை ஊர்க்கதை பேசிக்கொண்டு நிற்போம். பள்ளியின் மாதச் செய்திமடலைத் தயாரிக்கும் பெற்றோர் குழுவில் சுதாவும் இருக்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவில்பதாகையில் எங்கள் தெருவுக்கே அந்தக் குழு வந்தது. ஏழைப் பிள்ளைகளுக்குப் புத்தகப்பை கொடுக்கிறார்களாம். சுதா கூப்பிட்டாள் என்று நைட்டிமேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு ஓடிப்போய்ப் பெட்டிகளை இறக்கினேன்.

"ஜனங்க வர லேட்டாவுது. நீ சும்மா ஒரு பைய வாங்கிக்கினு நில்லு, லைட்டு சரியா கீதான்னு பாக்கறேன்" என்று சுதா படமெடுக்கப் போனைத் தூக்கினாள். சிரித்தபடி நின்றேன்.

அடுத்த வாரம் மகள் அழுதுகொண்டே வந்தாள். "அம்மா, நாம ஏழையா? கிளாஸ்ல பெரிய ஸ்கிரீன்ல உன்னக் காட்டுனாங்க."

செய்திமடலைத் திறந்தேன். என் படத்துக்குக் கீழே, 'நம் உதவியைப் பெற்று மகிழும் ஏழைத்தாய்' என்றிருந்தது.

யாரோ தெரியாமல் போட்டிருப்பார்கள் என்று நம்பித்தான் சுதாவிடம் கேட்டேன்.

"நான்தான்டி எழுதுனேன். அந்த நைட்டில நீ அப்படியே பொருந்திட்ட. யாரு படிக்கப்போறா?" என்றாள்.

இப்போதெல்லாம் யார் போனைத் தூக்கினாலும், "கீழ இன்னா எழுதப்போற, மொதல்ல அதச் சொல்லு" என்று கேட்டுவிட்டுத்தான் நிற்கிறேன். போன வாரம் வேனுக்குக் காத்திருக்கும்போது, தன் பிறந்தநாள் செல்ஃபிக்காகச் சுதா என் தோளில் கை போட்டாள். அவளிடமும் அதையேதான் கேட்டேன்.