மட்டிக்கோதும் அணைக்காத எஞ்சினும்

எங்கள் குடாக் கரையில் இப்போது ஒரு பலகை நிற்கிறது. மட்டி எடுப்பது தடை என்று அதில் எழுதியிருக்கிறது. பெயின்ட் இன்னும் மங்கவில்லை. பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்க்கிறேன், பார்க்கிற ஒவ்வொரு தடவையும் ஆத்திரம் வருகிறது.

மட்டி என்பது சேற்றுக்குள் புதைந்து கிடக்கும் சிப்பி. எங்கள் ஊரான கிண்ணியாவின் பெண்கள் தண்ணீர் வற்றும் நேரம் குடாவில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று, காலால் துழாவி அதை எடுப்பார்கள். என் உடன்பிறந்த அக்காவான ராத்தாவும் அவர்களில் ஒருத்தி. அவளுடைய கணவர், என் மச்சான், இறந்த பிறகு அவள் வீட்டு அடுப்பு மட்டியால்தான் எரிகிறது. நான் படித்து விஞ்ஞான ஆசிரியையாக வந்ததும் அவள் எடுத்த மட்டியால்தான். அந்த அடுப்பைத்தான் இந்தப் பலகை அணைக்கப் பார்க்கிறது.

எடுத்த மட்டியைச் சாக்கில் போட முன்னர் இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பது அந்தப் பெண்களின் வழக்கம். கல்லைத் தட்டினமாதிரிக் கேட்டால் உயிருள்ள மட்டி. சத்தம் அடைத்துப்போய்க் கேட்டால் மட்டி செத்து உள்ளே சேறுதான் இருக்கும், எறிந்துவிடுவார்கள். சில வருடங்களாகத் தட்டும்போதே மேலோடான கோது உடைந்துவிடுகிறது. "அப்ப தட்டாம விடுங்களன்" என்று ராத்தாவிடம் சொல்லிப் பார்த்தேன். "தட்டாம வித்து, சேத்த வித்துப்போட்டாள் எண்டு பேர் எடுக்கவா?" என்று என்மேல் பாய்ந்தாள். ஆகவே தட்டினார்கள், உடைந்தது, உடைந்ததை எல்லாரும் கரையில் ஒரே இடத்தில் கொட்டினார்கள்.

அந்தக் குவியல்தான் வினையாகிப் போனது. நகரத்து அலுவலகம் ஒன்றிலிருந்து வந்த அதிகாரி அதைக் கண்டார். இரண்டு கோதுத் துண்டை எடுத்து விரலால் நசுக்கினார். மெல்லிய கோது என்றால் வளராத குஞ்சு, குஞ்சைப் பிடித்து அழிக்கிறார்கள் என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டார். பிறகு தடையைப் பற்றி எங்களுக்கு விளக்கம் சொல்வதற்காகத் திருகோணமலையில் ஒரு கூட்டம் வைத்தார்கள். பெண்கள் ஒரு நாள் தொழிலை விட்டு, பாலம் தாண்டி, பஸ்ஸில் நெரிபட்டு வந்தார்கள். ராத்தா கூப்பிட்டதால் நானும் போனேன்.

மண்டப வாசலில் அதிகாரிகளின் ஜீப்புகள் எஞ்சின் ஓடியபடி நின்றன. உள்ளே டிரைவர்கள் ஏசியைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார்கள். நாங்கள் அந்தப் புகைக்குள்ளால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்து போனோம்.

மண்டபத்துக்குள்ளும் குளிர்தான். திரையில் ஒரு படம் போட்டார்கள். தண்ணீரில் குனிந்து நிற்கும் ஒரு பெண்ணின் முதுகு. அது ராத்தாவின் முதுகு. அவளைக் கேட்காமல் எடுத்த படம். "தாய்மாரே, நீங்கள் குஞ்சுகளை எடுத்து முடித்தால் நாளைக்கு உங்கட பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்?" என்று அதிகாரி உருக்கமாகக் கேட்டார்.

ராத்தா எழும்பினாள். "நாங்க குஞ்சு எடுக்கிறல்ல, சேர். சின்னது எண்டா காலுக்கே தெரியும். அத அங்கேயே விட்டுருவம்."

அவர் சிரித்தார். "கோதைப் பார்த்தாலே விளங்குதே அம்மா."

அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கிளப்பியது. குவியலிலிருந்து எடுத்துவந்த கோது ஒன்று கைப்பைக்குள் இருந்தது. விஞ்ஞான டீச்சர் என்று சொல்லி அதைத் தூக்கிக் காட்டினேன். "இந்த வரிகளப் பாருங்க சேர். மட்டி வளர வளரத்தான் கோதில வரி விழும். குஞ்சில இவ்வளவு வரி இருக்காது. இது முத்தின மட்டி. வயசு வந்திருக்கு, தடிப்புத்தான் வரல்ல."

பிறகு தரம் பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்வதையே அவருக்கும் சொன்னேன். நாம் எரிக்கிற எண்ணெயும் நிலக்கரியும் விடுகிற காபனீரொட்சைட்டு, அதாவது கரியமில வாயு, முழுவதும் காற்றில் நிற்பதில்லை. ஒரு பங்கைக் கடல் குடிக்கிறது. தண்ணீரில் கரைந்ததும் அது காபோனிக்கமிலமாகிறது, சோடாப் போத்தலில் இருக்கும் அதே அமிலம். அதனால் கடல் நாளைக்கே புளித்துப் போகாது, இன்றைக்கும் அது காரம்தான். ஆனால் அந்தக் காரத்தன்மை குறைந்துகொண்டு வருகிறது. அமிலம் விடுகிற ஐதரசன் அயன்கள் தண்ணீரிலுள்ள காபனேற்றைப் பிடித்துக்கொள்கின்றன. மட்டி கோது கட்டுவதே அந்தக் காபனேற்றை எடுத்துத்தான். வீடு கட்ட இறக்கிய கல்லை வேறு யாரோ அள்ளிக்கொண்டு போனால் சுவர் எப்படி எழும்பும்?

எங்கள் மட்டி மெலிந்ததற்கு இது மட்டும்தான் காரணம் என்று நான் சத்தியம் பண்ணவில்லை. மழைக்கு ஆற்று வெள்ளம் இறங்கினாலும் குடாத் தண்ணீர் மாறும். "அளந்து பாத்தீங்களா?" என்றுதான் கேட்டேன். அளக்கவில்லை. தண்ணீரை ஒரு போத்தலில் அள்ளிக்கூடப் பார்க்காமல் குற்றவாளியைப் பிடித்துவிட்டார்கள், அவளுடைய முதுகைப் படமும் எடுத்துவிட்டார்கள்.

அதிகாரிக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நான் மன்னித்திருப்பேன். "டீச்சர், நீங்கள் சொல்றது உலகப் பிரச்சினை. அதுக்கு எங்களால ஒண்டும் செய்ய ஏலாது. இது உள்ளூர்ப் பிரச்சினை, இதை நாங்கள் நிப்பாட்டலாம்" என்றார், பொறுமையாக.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுக்க நினைவில்லை. ராத்தாவிடம் ஒரு சைக்கிள்கூட இல்லை என்று சொன்னது நினைவிருக்கிறது. அவள் வீட்டில் இருப்பது ஒரேயொரு மின்விசிறி, அதுவும் விருந்தாளி வந்தால்தான் சுழலும் என்றும் சொன்னேன். இந்த உலகத்துப் புகையில் அவளுடைய பங்கு என்ன? மீன் பொரிக்கிற புகை. அதற்கு அவள் தொழிலை விட வேண்டும், ஊரூராகப் புகை விடுகிறவர்கள் அவளுக்கு விளக்கம் சொல்வார்கள்.

நான் கத்திக்கொண்டிருக்கையில் ராத்தா என் கையிலிருந்த கோதை வாங்கிக்கொண்டு வெளியே நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். அவள் நேரே முதல் ஜீப்பிடம் போய், சாக்கருகே மட்டியைத் தட்டுகிற அதே பழக்கத்தில், கோதால் கண்ணாடியைத் தட்டினாள். கோது அவள் விரலுக்குள் நொறுங்கியது. டிரைவர் கண்ணாடியை இறக்கினார். குளிர்காற்று எங்கள் முகத்தில் அடித்தது.

"தம்பி, எஞ்சின நிப்பாட்டுங்க" என்றாள்.

"ஏலாதும்மா. சேர் வந்து ஏறக்குள்ள உள்ளுக்குக் குளிரா இருக்கணும்."

கண்ணாடி மேலே ஏறியது. ராத்தா கையை உதறிவிட்டு என் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"இத நிப்பாட்ட ஏலாதாம்" என்றாள். "என்னைய நிப்பாட்டலாமாம்."