பின்பெட்டியில் பத்தொன்பது பேர்

ஹனோவருக்கு வெளியே, பழைய வாகனங்கள் விற்கும் முற்றத்தில் இரண்டு சின்னப் பிக்கப்புகள் பக்கம் பக்கமாக நின்றன. அண்ணைக்கு அதில் ஒன்று வேண்டும். கூடப்பிறந்தவர் அல்ல, என் ஊர்க்காரர், அகதிகள் விடுதியில் என் அறைக்காரர். விசா கிடைத்து உணவகக் குசினி ஒன்றில் வேலை செய்தார். மரக்கறி ஏற்றி வந்து எங்கள் சனத்துக்கு விற்கலாம் என்பது திட்டம். இந்தியாவிலிருந்து அவருடைய தம்பி வந்து வண்டி ஓட்டுவானாம்.

தம்பி வரமாட்டான். அவன் செத்தது எனக்குத் தெரியும். நான் ஜெர்மனிக்கு வந்த முதல் நாளே அண்ணை கேட்டார். சொல்ல வாய் வராமல், இந்தியாவுக்குப் போனதாகக் கேள்வி என்று பொய் சொல்லிவிட்டேன். மனுஷன் சந்தோஷத்தில் எனக்குக் கோழிக்கறி சமைத்துத் தந்தார். வெட்கங்கெட்டுத் தின்றேன்.

"இது பக்கம் உயரம், சாமான் விழாது," என்றார் அண்ணை. "மற்றது பக்கத்தை மடக்கலாம், ஏத்தி இறக்கச் சுகம். ஆனா கதவடி கறள் பிடிச்சு இத்துப்போச்சு. என்னடா சொல்லுறாய்?"

"மடக்கிறதை எடுங்கோ."

"தம்பிக்கு உயரமானதுதான் பிடிக்கும்."

தம்பி, தம்பி, தம்பி! எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. அந்த உயரமான பெட்டிக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

விற்கிறவன் இத்தனை கிலோ ஏற்றலாம் என்றான். எங்கள் ஊரில் பிக்கப்புக்குக் கிலோக் கணக்குக் கேட்பதில்லை, ஆள் கணக்குத்தான். அண்ணை எத்தனை பேர் ஏறலாம் என்று கேட்டார். பின்னால் ஆள் ஏற்றவே கூடாது என்று அவன் சிரித்தான்.

அண்ணை என் பக்கம் திரும்பினார். "கலியாண வீட்டுக்குப் போறதெண்டா பன்னிரண்டு பேர் நிக்கலாம், என்ன?"

"பத்தொன்பது பேர்," என்றேன். "படுக்க வைச்சு அடுக்கினா."

அண்ணையும் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "எங்க பாத்தனீ?"

சொன்னேன். ஆமி எங்களைச் சுற்றி வளைத்துப் பிடித்தது, கையைப் பின்னால் கட்டியது, பிக்கப்புப் பெட்டிக்குள் குப்புறத் தூக்கி எறிந்தது. இடம் போதாமல் போனபோது மேலே ஏறிச் சப்பாத்துக் காலால் மிதித்து இடம் பண்ணினார்கள். பின்கதவை அடித்துச் சாத்தியபோது ஒருவனுடைய கால் அதற்குள் இருந்தது. எலும்பு உடைந்த சத்தம் கேட்டது. முகாமில் இறக்கும்போது ஐந்து பேர் எழும்பவில்லை.

"தம்பியும் அதுக்குள்ளயோ?"

"ஓம்."

"உனக்குப் பக்கத்திலயோ?"

"கீழ. என்ர நெஞ்சு அவன்ர முதுகில. ‘அரக்கு, தள்ளிப் படு, மூச்சு முட்டுது, அரக்கு’ எண்டவன். எனக்கு அரக்க ஏலாமப் போச்சு, அண்ணை. பிறகு சத்தமில்லை."

முதல் குத்தில் என் முன்பல் உடைந்தது. அடுத்ததில் நிலத்தில் விழுந்தேன். அண்ணை என் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, முகத்தில் மாறி மாறிக் குத்தினார். விற்கிறவன் கத்திக்கொண்டு வந்து அவரை இழுத்தான், அவர் அசையவில்லை. கண்ணுக்குள் இரத்தம் வழிந்தது. நான் கை தூக்கவில்லை.

"கொஞ்சம் அரக்கியிருக்கலாமேடா," என்று அழுதழுது அடித்தார். "ஒரு கொஞ்சம்."

அரக்கியிருக்கலாம். அசைந்தால் என் தலையில் சப்பாத்து விழும் என்று பயந்து அசையாமல் கிடந்தேன். அதை மட்டும் நான் அவருக்கு இன்றுவரை சொல்லவில்லை.