மே மாதத்தில் போட்ட வழி

வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்தால் தஞ்சாவூர்ப் பக்கம் யாருக்குத்தான் சந்தோஷம் இருக்காது? ஒரு வருஷம் அதைப் பார்த்து நான் பயந்துபோனேன்.

மன்னார்குடியில் பஸ் மாறி, கூத்தாநல்லூரில் ஒரு மாணவன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். காலை ஏழரை மணி. சாலையோர வாய்க்கால்கள் எல்லாம் செத்தையும் நுரையுமாகக் கரை தொட்டு ஓடின. பக்கத்து சீட்டு அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். இந்த வருஷம் குறுவை நெல் தப்பித்தது என்று நானும் நினைத்துக்கொண்டேன். அடுத்த நிமிஷம் கீர்த்தனாவின் ஞாபகம் வந்தது. வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு நான் அவளுக்குப் பழக்கிவிட்ட வழி, காய்ந்த வாய்க்கால் ஒன்றில் இறங்கி ஏறும் வழி. கீர்த்தனாவுக்குக் கண் தெரியாது.

அவள் காலேஜ் திறந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

பத்து நாள் முகாம்

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நான் மொபிலிட்டி டிரெய்னர். பார்வை இல்லாதவர்களுக்கும் பார்வை குறைந்தவர்களுக்கும் வெள்ளைக் கேன் என்கிற கைத்தடியைப் பிடித்துத் தனியாக நடக்கக் கற்றுக்கொடுப்பது. இருபத்தாறு வருஷம் பார்த்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன்.

ஒவ்வொரு மே மாதமும் தஞ்சாவூரில் விடுமுறை விட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் பத்து நாள் முகாம் நடத்துவோம். பதினான்கு வயது முதல் இருபது வயது வரையான பிள்ளைகள் வந்து தங்குவார்கள். துணி துவைக்க வேண்டும், காய் நறுக்க வேண்டும், காஸ் அடுப்பைப் பற்றவைத்து ரசம் வைக்க வேண்டும், டவுன் பஸ் ஏறி இறங்க வேண்டும். பெற்றோருக்கு கேட்டோடு சரி, உள்ளே இடம் கிடையாது. இந்த விதியால் எனக்கு ராட்சசி என்று பெயர். அதைப் பற்றி நான் கவலைப்பட்டதில்லை.

கீர்த்தனாவைக் கொண்டுவந்து விட்டவர் அவள் அப்பா. மன்னார்குடி தாண்டி ஒரு கிராமத்தில் ஐந்து மா நிலம் குத்தகைக்கு எடுத்து விவசாயம் செய்கிறவர்.

"பாப்பா தனியா கொல்லப்பக்கங்கூடப் போனதில்லீங்க டீச்சர்."

"அதுக்குத்தான வந்திருக்கா. நீங்க கெளம்புங்க."

அவளுக்குப் பதினெட்டு வயது. பிறவியிலேயே பார்வை இல்லை. முதல் நாள் தட்டைக் கழுவச் சொன்னபோது தண்ணீரைக் காட்டிவிட்டு நீட்டினாள். திருப்பிக் கொடுத்தேன். மூன்று தடவை. நான்காவது தடவை விரலால் தடவிப் பார்த்துப் பருக்கை இல்லை என்று தெரிந்த பிறகுதான் வைத்தாள். ஏழாம் நாள் கீழவாசல் மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போனோம். கத்தரிக்காயை ஒவ்வொன்றாகத் தடவி மூன்றை ஒதுக்கினாள். கடைக்காரர் அந்த மூன்றையும் எடுத்துப் பார்த்தார். மூன்றிலும் ஊசி முனை அளவு ஓட்டை.

"இந்தப் பாப்பாவுக்கா கண்ணு தெரியாதுங்கிறீங்க?" என்று என்னைக் கேட்டார். அன்றைக்கே எனக்கு அவள்மேல் ஒரு மலைப்பு வந்துவிட்டது. ஆனால் மார்க்கெட்டில் வந்தது சின்ன மலைப்புதான்.

வீட்டு ரூட்

முகாம் முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளை வீட்டுக்கும் போய், வீட்டு வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரை ஒரு ரூட் போட்டுக் கொடுப்போம். கீர்த்தனாவுக்குத் திருவாரூரில் பி.ஏ. சேர ஆசை. அப்பா ஒரு நிபந்தனை வைத்தார்.

"பஸ் ஸ்டாப் வரைக்கும் தானா போயி ஏறணுங்க. நடவு நேரத்துல யாரு கொண்டுபோயி விடறது? ஒரு தடவ விழுந்து எந்திரிச்சான்னாலும் அத்தோட காலேஜ நிப்பாட்டிடுவேன்."

வீட்டுக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால். சுற்றிக்கொண்டு பாலம் வழியாகப் போனால், ஒதுங்க ஓரமில்லாத லாரி ரோட்டில் ஒன்றரை கிலோமீட்டர். அவள் அம்மா கையைக் காட்டினார்: "கோடைக்கு நாங்கள்லாம் இப்புடியே எறங்கி ஏறிடுவோம் டீச்சர்." இறங்கிப் பார்த்தேன். சுத்தமான மணல். ஆடு மாடு போய்ப் போய் இரண்டு பக்கமும் சரிவாக, வழுக்காமல் இருந்தது. வாசலிலிருந்து அறுபது அடி, புங்க மரத்து வேர், சரிவு, பத்து அடி மணல், ஏற்றம், அப்புறம் நேராக மண் ரோடு. நான்கு நாளில் என் உதவி இல்லாமல் நடந்தாள். பெருமையோடு ஊர் திரும்பினேன்.

நான் தஞ்சாவூர் டவுனில் வளர்ந்தவள். எங்கள் வீட்டு நிலமெல்லாம் தாத்தா காலத்தோடு போயிற்று. நெல்லை எனக்கு அரிசியாகத்தான் தெரியும். அதற்காக வாய்க்கால் என்றால் ஒருநாள் தண்ணீர் வரும் என்பதுகூடவா தெரியாமல் போகும்? ஐந்து வயதுக் குழந்தைக்குத் தெரிந்தது எனக்கு உறைக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கே என்னை அறையத் தோன்றும்.

வாய்க்கால் கரையில்

பஸ்ஸிலிருந்தே போன் செய்தேன். கீர்த்தனா எடுக்கவில்லை. அவள் அம்மாவும் எடுக்கவில்லை. அவர்கள் ஊர் ஸ்டாப்பில் இறங்கி மண் ரோட்டில் ஓடினேன். ஐம்பத்தெட்டு வயதில் என் முட்டி வலியோடு ஓடினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாய்க்கால் நிறைந்து போய்க்கொண்டிருந்தது. நாங்கள் இறங்கிய சரிவு தண்ணீருக்குள் இருந்தது. எதிர்க்கரையில் கீர்த்தனா வந்துகொண்டிருந்தாள். தோளில் காலேஜ் பை, கையில் கேன். புங்க மரம் வரை வந்துவிட்டாள். பத்தடி பின்னால் செருப்பில்லாமல் அவள் அப்பா.

கத்த வாயைத் திறந்தேன். நடந்துகொண்டிருப்பவரைத் திடீரென்று கூப்பிடக்கூடாது, கூப்பிட்டால் திசை தப்பிவிடும் என்று எல்லா வீட்டிலும் நான்தான் சொல்லிக்கொடுப்பேன். அப்பா என்னைப் பார்த்துவிட்டார். வாயில் விரலை வைத்துக் காட்டினார்.

கீர்த்தனா மரத்தடியில் நின்றாள். தலையைக் கொஞ்சம் சாய்த்தாள். சரிவுப் பக்கம் போகவே இல்லை. இடது பக்கம் திரும்பி, கரையோரப் புல்லைக் கேனால் தட்டிக்கொண்டே நடந்தாள். ஓர் ஓரத்தைத் தொட்டபடி நடப்பதை நாங்கள் ஷோர்லைன் என்போம். முகாமில் சுவரை வைத்துத்தான் கற்றுக்கொடுத்திருந்தேன். அவள் புல்லை வைத்துச் செய்தாள். நூறடி தள்ளி ஒரு மதகு. அதன்மேல் ஷட்டரைத் தூக்கி இறக்க ஆள் நிற்கும் சிமெண்ட் பலகை, ஒருவர் போகும் அகலம். கேனால் பலகையின் இரண்டு ஓரத்தையும் தட்டிப் பார்த்தாள். ஷட்டர் கம்பியை ஒரு கையால் பிடித்தாள். கீழே தண்ணீர் இரைந்துகொண்டு விழ, எட்டு எட்டில் இந்தப் பக்கம் வந்துவிட்டாள். அப்பாவும் ஓசைப்படாமல் பின்னாலேயே பலகையைத் தாண்டி வந்தார்.

ரோட்டுக்கு வந்ததும்தான் பேசினேன். "கீர்த்தனா."

"டீச்சர்! நீங்க எப்ப வந்தீங்க? ஏன் இப்புடி மூச்சு வாங்குது?"

"இந்த வழி யாருடி காட்டுனா?"

"யாரும் காட்டல. தண்ணி வந்தன்னைக்கு சாயங்காலம் நானே தேடிக்கிட்டேன். தண்ணி இருக்கறப்பதான் டீச்சர் ஈசி. மதகுல கொட்ற சத்தம் இருக்குல்ல, அத நேரா வச்சுக்கிட்டுப் போனா போதும். கிட்டப் போகப் போக முகத்துல சாரல் படும். அங்க நிப்பேன்."

"எனக்கு ஒரு போன் பண்ணக்கூடாதா? வாய்க்கால்ல தண்ணி வரும்னு எனக்குத் தோணவே இல்லடி."

"எனக்கு மே மாசமே தெரியும் டீச்சர். சொன்னா நீங்க ரூட்டே போட மாட்டீங்க. ரூட் இல்லன்னா அப்பா சேர்க்க மாட்டாரு. மொதல்ல சேந்துருவோம், தண்ணி வந்தா பாத்துக்கலாம்னு இருந்துட்டேன்."

நூறு பிள்ளைகளுக்கு மேல் ரூட் போட்டவள் நான். என் ரூட்டில் ஓட்டை இருப்பது தெரிந்தும் அதை வாய் திறந்து சொல்லாமல், தண்ணீர் வந்தால் வேறு வழி தேடிக்கொள்ளலாம் என்ற தைரியத்தையும் மனதில் வைத்துக்கொண்டு, மணலில் எனக்குப் பின்னால் சமர்த்தாக நடந்திருக்கிறாள் இந்தப் பெண்.

திருவாரூர் பஸ் வந்தது. கேனை மடக்கிப் படியில் கால் வைத்தவள், திரும்பாமலே சொன்னாள்.

"அப்பா, நீ வீட்டுக்குப் போப்பா. நாத்தங்கால்ல வேல கெடக்கும். மூணு நாளா பின்னாலயே வந்துக்கிட்டிருக்க."

பஸ் போய்விட்டது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"செருப்பக்கூடக் கழட்டிட்டுத்தாங்க வந்தேன்."

நான் தப்பை ஒப்புக்கொண்டேன். தண்ணீரைப் பற்றி யோசிக்காமல் வழி போட்டது என் முட்டாள்தனம் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"எனக்கு அன்னைக்கே தெரியுங்க டீச்சர். தெரிஞ்சுதான் சரின்னேன். தண்ணி வந்தா தானா நின்னுடுவா, நாம வேணான்னு சொன்ன பாவம் இருக்காதுன்னு நெனச்சுட்டேன்."

அவர் மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மூன்று நாளாகச் செருப்பில்லாமல் பின்னால் நடந்தவரை என்னவென்று திட்டுவது? இருவரும் மண் ரோட்டில் திரும்பி நடந்தோம். மதகுப் பலகையில் நான் ஏறவில்லை. சும்மா பார்த்ததற்கே தலை சுற்றியது.

"ஐப்பசி அடமழைல பலக வழுக்குங்க," என்றார் அவர். "மழ சத்தத்துல மதகு சத்தமும் கேக்காது. அப்ப பாப்பா எப்புடிப் போறது? நீங்கதான் சொல்லணும்."

விழுந்தால் காலேஜை நிறுத்திவிடுவேன் என்ற மனிதர், ஐப்பசியிலும் மகள் காலேஜ் போக வழி கேட்கிறார். நான் வாய்க்காலைப் பார்த்தேன், பலகையைப் பார்த்தேன். வழக்கமாக இந்த இடத்தில் நான் நோட்டை எடுத்து மளமளவென்று எழுத ஆரம்பிப்பேன்.

"எனக்குத் தெரியாதுங்க," என்றேன். "சாயங்காலம் அவ வரட்டும். அவளத்தான் கேக்கணும்."

இருபத்தாறு வருஷ வேலையில் ஒரு பெற்றோரிடம் எனக்குத் தெரியாது என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை.